ஃப்ரேம் ஏன் சரியாக உட்காரவில்லை? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

புகைப்படத்தைச் சுற்றி வைப்பதற்காகக் கணினியில் செய்து முடித்த ஃப்ரேமைத் திரையில் பார்க்கும்போது எல்லாமே ஒழுங்காக இருக்கும். கொடி, பூ, தங்க விளிம்பு எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. அதை எடுத்து ஒரு புகைப்படத்தின் மேல் போட்டவுடன்தான் வேடிக்கை ஆரம்பிக்கும். மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, பூவைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, நடுவில் படமே தெரியாத வெள்ளைப் பலகை. பெரும்பாலானோர் உடனே பிரஷை எடுத்து அந்த இடத்தில் பூசி மறைக்கப் பார்க்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் அதைத்தான் செய்தேன். பூசிய இடம் அடுத்த படத்தில் வேறு விதமாகப் பல்லிளிக்கும். ஃப்ரேமில் பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, அது நுழைந்த இடம் வேறொன்று. அதனால் அறிகுறியைப் பார்த்து எந்தக் கட்டத்தில் அது நுழைந்தது என்று தேடிப் போவதுதான் கடைசியில் குறைந்த வேலை.

அதற்கு முன் ஒரு சோதனை. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இது பொது. ஃப்ரேம் லேயருக்கு (கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்தான் லேயர்) அடியில் புதிதாக ஒரு லேயர் போட்டு, கண்ணைக் குத்துகிற மெஜந்தா நிறத்தால் நிரப்புங்கள். அடுத்து அதையே கறுப்பாக்கிப் பாருங்கள். ஃப்ரேம்களை நாம் வெள்ளைத் தாளின் மேலோ, ஒளிபுகுதலைக் காட்டும் சாம்பல் கட்டங்களின் மேலோதான் வரைகிறோம். வெள்ளை, வெள்ளைப் பொருக்கை மறைத்துவிடும். கட்டம், அரைகுறை ஒளிபுகுதலை மறைத்துவிடும். மெஜந்தா எதையும் மறைக்காது. இதை மெஜந்தா சோதனை என்றே கீழே குறிப்பிடுகிறேன்.

மெனு பெயர்களை ஃபோட்டோஷாப், கிம்ப் என்ற படத்திருத்தச் செயலிகள் இரண்டுக்கும் சொல்கிறேன். வேறு செயலி வைத்திருப்பவர்களுக்குப் பெயர்தான் மாறும், சங்கதி ஒன்றுதான்.

நடுவில் படம் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது

முதலில் ஃபைலின் வகையைப் பாருங்கள். ஜேபெக் என்றால் விடை கிடைத்துவிட்டது. ஜேபெக்கில் ஒளிபுகுதலைச் சேமிக்கவே வழி கிடையாது. நீங்கள் வெட்டிய ஓட்டையை அது பின்னணி நிறத்தால் அடைத்துத்தான் சேமிக்கும். ஃபைல் பெயரின் கடைசியில் பிஎன்ஜி என்று மாற்றி எழுதினாலும் உள்ளே இருப்பது மாறாது. மூல ஃபைல் கையில் இருந்தால் அதிலிருந்து பிஎன்ஜியாக மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இல்லையென்றால் நடுப்பகுதியை மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

ஃபைல் பிஎன்ஜிதான், ஆனால் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தியபோதே வெள்ளைதான் வந்தது என்றால், அந்த லேயருக்கு ஆல்பா சேனல் இல்லை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஒளிபுகும் என்று குறித்துவைக்கும் பகுதி இல்லை. கிம்ப்பில் லேயர் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: ஆல்பா இல்லாத லேயரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சிக்குள் போய் ஆட் ஆல்பா சேனல் கொடுத்துவிட்டு டெலீட் அழுத்துங்கள். ஃபோட்டோஷாப்பில் பூட்டுப் படத்துடன் பேக்ரவுண்ட் என்று ஒரு லேயர் இருக்கும். அதில் டெலீட் அழுத்தினால் எந்த நிறத்தால் நிரப்பட்டும் என்று கேட்கும் ஜன்னல்தான் வரும். பேக்ரவுண்ட் என்ற பெயரின் மேல் இருமுறை சொடுக்கி அதைச் சாதாரண லேயராக்கிக் கொள்ளுங்கள்.

இரண்டும் சரி என்றால் மிச்சம் சில்லறைக் காரணங்கள். அடியில் ஒரு வெள்ளை லேயரின் கண் மூடப்படாமல் இருக்கலாம். ஓட்டையெல்லாம் சரியாகவே இருந்தும் புகைப்படம் ஃப்ரேமுக்கு மேலே உட்கார்ந்திருந்தால், வெள்ளைக்குப் பதிலாக ஃப்ரேமே காணாமல் போகும்.

இணையத்திலிருந்து எடுத்த ஃப்ரேம் என்றால் இன்னொரு ஏமாற்று உண்டு. சாம்பல் கட்டங்கள் நடுவில் அழகாகத் தெரியும், ஆனால் அவை படத்திலேயே வரையப்பட்டவை. மெஜந்தா லேயரை அடியில் போட்ட பிறகும் கட்டங்கள் அசையாமல் நின்றால், அது வெறும் பெயின்ட். அப்படிப்பட்டதைக் கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுத்து அழித்துக்கொண்டிருக்காதீர்கள். உள்விளிம்பு நேராக இருந்தால் ஒரு செவ்வகச் செலக்‌ஷன் போதும். வளைந்து நெளிந்தால் பென் அல்லது பாத் கருவியால் ஒருமுறை சுற்றி வந்துவிடுங்கள்.

ஃப்ரேமின் உடம்பிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது

நடுவில் இருந்த வெள்ளையை மந்திரக்கோலால் (மேஜிக் வாண்ட் கருவி) தொட்டு அழித்தீர்கள். நடுப்பகுதி போனது, கூடவே மல்லிகைப் பூக்களும் போய்விட்டன. மந்திரக்கோலின் மேல்பட்டையில் கன்டிகுவஸ் என்ற பெட்டியில் டிக் இல்லாததுதான் காரணம். டிக் இருந்தால் தொட்ட இடத்தோடு ஒட்டியிருக்கும் வெள்ளையை மட்டும் பிடிக்கும். இல்லாவிட்டால் படம் முழுக்க எங்கெல்லாம் வெள்ளை உண்டோ அங்கெல்லாம் கை வைக்கும். கிம்ப்பில் இவை இரண்டும் தனித்தனிக் கருவிகள்: ஃபஸி செலக்ட் ஒட்டியதை மட்டும் பிடிக்கும், செலக்ட் பை கலர் எல்லாவற்றையும் அள்ளும்.

டிக் இருந்தும் ஓட்டை விழுகிறது என்றால் டாலரன்ஸ், அதாவது தொட்ட நிறத்திலிருந்து எவ்வளவு விலகிய நிறத்தையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்ற அளவு, அதிகம். ஃபோட்டோஷாப்பில் அது 32-ல் இருக்கும். வெளிர் மஞ்சள் இதழ்கள் வெள்ளையை ஒட்டி இருந்தால் 8, 10 என்று குறைத்துப் பாருங்கள்.

ஓட்டையாக இல்லாமல் ஃப்ரேம் முழுவதுமே கண்ணாடித்தாள் மாதிரி லேசாக ஊடுருவித் தெரிகிறதா? அப்படியென்றால் கிம்ப்பின் கலர் டு ஆல்பாவைப் படம் முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். அது வெள்ளைப் புள்ளிகளை மட்டும் நீக்குவதில்லை. ஒவ்வொரு நிறத்திலும் கலந்திருக்கும் வெள்ளையின் பங்கை உருவி எடுக்கும். வெளிர் நிறங்களில் அந்தப் பங்கு அதிகம் என்பதால் அவையே முதலில் சோகை பிடிக்கும். அந்த ஃபில்டரைச் செலக்‌ஷனுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். எங்கே என்று அடுத்த அறிகுறியில் வருகிறது.

வேலைப்பாட்டைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு

கறுப்பின் மேல் வைத்தால் ஒவ்வொரு இலைக்கும் வெள்ளைக் கோடு கட்டியது போல் தெரியும். 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பில் ஒரே ஒரு பிக்சல் அகலத்துக்கு, தங்கமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு வெளுத்த மஞ்சள் ஓடும். விளிம்பு வழுவழுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வரைந்தபோது செயலி தங்கத்தையும் பின்னணி வெள்ளையையும் பாதிக்குப் பாதி கலந்து வைத்த பிக்சல் அது. பிறகு வெள்ளையை நீக்கும்போது அது தப்பித்துவிட்டது. இப்போது முழு ஒளிபுகாமையோடு அங்கேயே நிற்கிறது. அது பாதி ஒளிபுகும் தங்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் லேயர் மெனுவில் மேட்டிங் என்பதற்குள் ரிமூவ் வொயிட் மேட், டிஃப்ரிஞ்ச் இரண்டும் இருக்கின்றன. வெள்ளைப் பின்னணியிலிருந்து வந்த பொருக்குக்கு முன்னது. எங்கிருந்து வந்ததென்றே தெரியாத பொருக்குக்கு டிஃப்ரிஞ்ச், 1 பிக்சல். 2-க்கு மேல் போனால் நுணுக்கமான கோடுகள் கொழகொழவென்று ஆகும். கிம்ப்பில் லேயர் மெனுவில் ஆல்பா டு செலக்‌ஷன் கொடுத்து, செலக்ட் மெனுவில் பார்டர் 2 பிக்சல் வைத்து, அந்தக் குறுகிய பட்டைக்குள் மட்டும் வெள்ளைக்குக் கலர் டு ஆல்பா போடுங்கள். மேலே சொன்ன சோகை உடம்புக்குப் பரவாது.

நிறையப் பேர் சொல்லும் வழி, செலக்‌ஷனை 1 பிக்சல் சுருக்கி வெளியே இருப்பதை அழித்துவிடுவது. பருத்த மரச்சட்டத்துக்கு அது சரி. 3 பிக்சல் அகலத்தில் ஓடும் கொடிச்சுருளுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் போனால் மிச்சம் ஒன்று. கொடி நூலாகிவிடும். அங்கே நான் செய்வது வேறு. லேயர் பட்டியலில் ஒளிபுகுதலைப் பூட்டும் பொத்தானை அழுத்துகிறேன். ஃபோட்டோஷாப்பில் அது கட்டம் போட்ட சின்னம், கிம்ப்பில் லாக் ஆல்பா. பிறகு பக்கத்துத் தங்க நிறத்தை எடுத்து மிருதுவான பிரஷால் விளிம்பின் மேல் தாராளமாகத் தடவுகிறேன். உருவத்தின் எல்லை பூட்டிக் கிடப்பதால் பெயின்ட் வெளியே வழியாது. வெளுத்த பிக்சல்களின் நிறம் மட்டும் மாறும். பத்து நிமிட வேலைதான், கொடியின் பருமன் அப்படியே இருக்கும்.

பொருக்கே வராமல் இருக்க, ஆரம்பத்திலேயே ஒளிபுகும் வெற்று லேயரில் வரையுங்கள். வெள்ளைத் தாளில் வரைந்து பிறகு வெட்டுவது காகித வேலையின் பழக்கம்.

இதற்கு நேர்மாறாக விளிம்பு ரம்பப்பல் மாதிரி இருந்தால், கருவியில் விளிம்பை வழுவழுப்பாக்கும் ஆன்டி-ஏலியாஸ் அணைந்திருக்கிறது, அல்லது ஃப்ரேமை ஜிஃப்பாகச் சேமித்திருக்கிறீர்கள். ஜிஃப்பில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுநிலை கிடையாது.

மூலையில் குறுக்கே மெல்லிய கோடு

ஃப்ரேமின் தலைவிதி எழுதப்படுவது மூலைகளில்தான். என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன.

நான்கு பட்டைகளை 45 பாகையில் வெட்டி, தச்சர் சட்டம் கூட்டுவது போல் சேர்த்திருப்பீர்கள். சேருமிடத்தில் மயிரிழைக் கோடு தெரியும். பட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பீர்கள், போகாது. அவை சரியாகத்தான் சேர்ந்திருக்கின்றன. கணக்குதான் வேறு. வெட்டின சாய்வில் இருக்கும் பிக்சல்கள் இரண்டு பட்டைகளிலுமே 50 சதவீத ஒளிபுகாமையோடு இருக்கின்றன. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு என்று நாம் நினைப்போம். லேயர்கள் அப்படிக் கூட்டுவதில்லை. மேல் லேயர் 50 சதவீதத்தை மறைக்கும். எஞ்சிய 50-ல் பாதியைத்தான் கீழ் லேயர் மறைக்கும். ஆக 75. மிச்சம் 25 சதவீதம் பின்னணி எட்டிப் பார்க்கிறது. மெஜந்தா சோதனையில் இது இளஞ்சிவப்புக் கோடாகக் கத்தும்.

இதைத் தீர்க்க, கிடைப்பட்டைகள் இரண்டையும் சாய்வாக வெட்டவே வெட்டாதீர்கள். மூலைச் சதுரம் முழுவதையும் அவை நிறைத்துக்கொண்டு இருக்கட்டும். நெடும்பட்டைகளை மட்டும் சாய்வாக வெட்டி அவற்றின் மேல் வையுங்கள். மேலே பாதி மறைத்தாலும் அடியில் முழுப் பட்டை இருப்பதால் ஓட்டை விழ வழியில்லை. இரண்டையும் வெட்டித்தான் தீர வேண்டுமென்றால் ஆன்டி-ஏலியாஸை அணைத்துவிட்டு வெட்டுங்கள். சரியாக 45 பாகை என்பது ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் படிக்கட்டு. இரு பட்டையின் படிகளும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தும்.

லேயர்களை ஏற்கெனவே இணைத்துவிட்டீர்களா? அந்தச் சாய்வுக் கோட்டை ஒட்டிச் சில பிக்சல் அகலத்துக்கு மட்டும் செலக்‌ஷன் போட்டு, அந்தத் துண்டை நகலெடுத்து அதன் மேலேயே வையுங்கள். 75 என்பது சுமார் 94 ஆகும். இன்னொரு நகல் வைத்தால் 98-ஐத் தாண்டும். கண்ணுக்கு அது போதும். ஃப்ரேம் முழுவதையும் நகலெடுத்து அடுக்கினால் நிழல்களும் மென்மையான விளிம்புகளும் சேர்ந்து தடித்துவிடும், அதனால் துண்டு மட்டும்.

மூலைகள் சேர்ந்திருக்கின்றன, ஆனாலும் ஏதோ சரியில்லை

இது சொல்லத் தெரியாத பிழை. பார்ப்பவர் "என்னவோ பொய்யா இருக்கு" என்பார். வெளிச்சத்தைப் பாருங்கள். ஒரு பட்டையை மேடு பள்ளத்தோடு அழகாகச் செய்து, அதையே 90 பாகை சுழற்றி மற்ற மூன்றையும் உண்டாக்கியிருப்பீர்கள். பட்டையோடு வெளிச்சமும் சுழன்றுவிட்டது. மேல்பட்டையில் வெளிச்சம் மேலிருந்து விழுகிறது, வலப்பட்டையில் வலமிருந்து, கீழ்ப்பட்டையில் கீழிருந்து. நான்கு சூரியன்.

மேல் இடதிலிருந்து ஒளி வருகிறது என்று வைத்துக்கொண்டால், புடைத்த சட்டத்தின் மேல், இடப் பக்கங்களின் வெளிவிளிம்பு பளிச்சென்றும் உள்விளிம்பு இருண்டும் இருக்க வேண்டும். கீழ், வலப் பக்கங்களில் தலைகீழ்: உள்விளிம்பில்தான் வெளிச்சம். செய்முறையின் வரிசையை மாற்றினாலே இது தானாக வந்துவிடும். மர ரேகையோ பூவேலையோ மட்டும் உள்ள தட்டையான பட்டைகளை முதலில் சுழற்றிக் கூட்டுங்கள். நான்கையும் ஒன்றாக்கிய பிறகு, விளிம்பைப் புடைத்தது போல் காட்டும் பெவல் எஃபெக்ட்டைப் போடுங்கள். மர ரேகை மட்டும் அந்தந்தப் பட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். நான்கு பக்கமும் ஒரே திசையில் ரேகை ஓடினால், சட்டம் கூட்டினதாகத் தெரியாது, ஒரு பலகையில் ஓட்டை போட்டதாகத் தெரியும்.

ஃபோட்டோஷாப்பில் நிழலுக்கும் பெவலுக்கும் குளோபல் லைட் என்று ஒரு டிக் உண்டு. அதை வைத்துக்கொண்டால் எல்லா லேயருக்கும் ஒரே கோணம். அதே காரணத்தால் ஒரு லேயரில் கோணத்தைத் திருகினால் எல்லாமே திரும்பும். "நான் தொடவே இல்லை, தானாக மாறிவிட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

பூவரிசை மூலைக்கு வரும்போது பாதியில் அறுந்துபோகிறது

கத்தரிக்கோல் பிழை என்று நினைப்பீர்கள். இது வகுத்தல் பிழை.

ஃப்ரேம் 1800-க்கு 1200 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மூலைத் துண்டுகள் 200-க்கு 200. மூலைகள் போக நீளப் பக்கத்தில் 1400, குறுகிய பக்கத்தில் 800 மிஞ்சும். பூவின் அகலம் 130 என்றால் 1400-ல் பத்தே முக்கால் பூ, 800-ல் ஆறும் சொச்சமும். அறுபடாமல் என்ன செய்யும்? பூவை 130-லிருந்து 120 ஆக்கி, மூலைத் துண்டை 240 ஆக்கிப் பாருங்கள். 1320-ல் 11 பூ, 720-ல் 6 பூ. மிச்சமே இல்லை.

இதிலும் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும். 11 பூ உள்ள பக்கத்தின் நடுவில் ஒரு பூ வரும். 6 பூ உள்ள பக்கத்தின் நடுவில் இடைவெளி வரும். நான்கு பக்கமும் நட்டநடுவில் பூ வர வேண்டுமென்றால் ஒரு கணக்கு: நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பூவின் அகலத்தால் வகுத்தால் இரட்டைப்படை எண் வர வேண்டும். இங்கே வித்தியாசம் 600. 120-ஆல் வகுத்தால் 5, உருப்படாது. 100-ஆல் வகுத்தால் 6. பூ 100, மூலை 250 என்று வைத்தால் 1300-ல் 13, 700-ல் 7. எல்லாப் பக்கமும் ஒற்றைப்படை, எல்லா நடுவிலும் பூ. காகிதத்தில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கும் இந்தக் கணக்கு இரண்டு மணி நேரத் தள்ளுமுள்ளை மிச்சப்படுத்தும்.

பூவரிசை மூலையில் அறாமல் நடுவில் எங்கோ தையல் தெரிந்தால், அந்த ஒற்றைப் பூத்துண்டு ஓரத்தோடு ஓரம் பொருந்தவில்லை. ஆஃப்செட் கருவியால் துண்டை அதன் அகலத்தில் பாதி நகர்த்துங்கள். ஃபோட்டோஷாப்பில் ஃபில்டர் மெனுவில் அதர் என்பதற்குள் இருக்கிறது, கிம்ப்பில் லேயர் மெனுவின் டிரான்ஸ்ஃபார்முக்குள். ஓரத்தில் ஒளிந்திருந்த தையல் நடுவுக்கு வந்துவிடும். அதைக் குளோன் கருவியால் சரிசெய்து, பழையபடி பாதி நகர்த்திக் கொள்ளுங்கள்.

கூர்மையாக இருக்க வேண்டிய மூலை உருண்டுவிட்டது

செலக்‌ஷனைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். செவ்வகத்தைச் சுருக்கினால் மூலை கூராகவே இருக்கும், விரித்தால் மழுங்கும். அதனால் எப்போதும் வெளிச் செவ்வகத்திலிருந்து உள்நோக்கி வாருங்கள். ஃபோட்டோஷாப்பின் ஸ்ட்ரோக் எஃபெக்ட்டிலும் இதே குணம்: அவுட்சைட் வைத்தால் உருளும், இன்சைட் வைத்தால் கூர்.

வேறு படத்துக்குப் போட்டால் நசுங்குகிறது

1800-க்கு 1200 என்பது 3:2. அதை 1600-க்கு 1200 அளவுள்ள 4:3 படத்துக்கு இழுத்துப் பொருத்தினால் கிடைவாக்கில் மட்டும் சுருங்கும். மேலும் கீழும் பட்டை 150 பிக்சலாகவே இருக்க, இடமும் வலமும் 133 ஆகும். மூலையிலிருந்த வட்டத் தாமரை முட்டையாகும். விகிதத்தைப் பூட்டிவிட்டு இழுத்தால் நசுங்காது, ஆனால் படத்தை ஒரு பக்கம் மூடாமல் விட்டுவிடும்.

இதற்கு ஒன்பது துண்டு முறையை விட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை. நான்கு மூலைகள், நான்கு பக்கங்கள், நடுவில் ஒரு வெற்றிடம். மூலைகளைத் தொடவே கூடாது, நகர்த்த மட்டும் செய்யலாம். பக்கங்கள் வெறும் நிறமோ கோடோ என்றால் இழுத்துக் கொள்ளலாம். பூவரிசை என்றால் இழுக்காமல் பூக்களைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும், மேலே போட்ட வகுத்தல் கணக்கோடு. வலைப்பக்கங்களில் பார்டர்-இமேஜ் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதுவும் இதே ஒன்பது துண்டுதான்.

அடிக்கடி பயன்படும் ஃப்ரேம் என்றால் 3:2, 4:3, சதுரம் என்று மூன்றை ஒரே நாளில் செய்து வைத்துவிடுங்கள். நெட்டுப் படத்துக்குக் கிடை ஃப்ரேமைச் சுழற்றும்போது நான்கு சூரியன் கதையை நினைவில் வையுங்கள். பெவல் உயிரோடு எஃபெக்ட்டாக இருந்தால் சுழற்றிய பிறகும் ஒளி சரியாக விழும். படத்தோடு உறைந்திருந்தால் கூடவே சுழலும்.

பெயின்ட் ஷாப் புரோ மாதிரி ஃப்ரேமைத் தானே பொருத்தித் தரும் செயலிகளில் ஃப்ரேம் படத்துக்கு உள்ளே வர வேண்டுமா, வெளியே வர வேண்டுமா என்று தேர்வு இருக்கும். முகங்களின் தலை வெட்டுப்பட்டால் உள்ளே என்று வைத்திருக்கிறீர்கள். ஃபோட்டோஷாப்பில் 2019 பதிப்பிலிருந்து ஃப்ரேம் டூல் என்று ஒரு கருவி வந்திருக்கிறது. அதில் பூவேலையைத் தேடி ஏமாந்தவர்கள் பலர். அது படத்தை ஒரு வடிவத்துக்குள் அடக்கும் வெற்றுப் பெட்டி மட்டுமே. ஆனால் ஃப்ரேமின் ஓட்டைக்கு அளவாக அதைப் போட்டு வைத்தால் படங்களை மாற்றி மாற்றிப் போட நல்ல தோது.

ஸ்டிக்கர் ஒட்டியது போல் தட்டையாக இருக்கிறது

நிழல் இல்லை, அல்லது நாலாபுறமும் சமமாக இருக்கிறது. சட்டம் படத்துக்கு மேலே இருப்பதால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் விழ வேண்டும். ஒளி மேல் இடதிலிருந்து என்றால் உள்ளே மேல் ஓரத்திலும் இட ஓரத்திலும் மட்டும்தான் நிழல் தெரியும். 150 பிக்சல் பட்டைக்கு 8 பிக்சல் தள்ளி, 18 பிக்சல் மங்கலாக, 45 சதவீதம் அடர்த்தியில் ஆரம்பித்துப் பாருங்கள். இது என் கண்ணுக்கு ஒத்த அளவு, விதி ஒன்றும் கிடையாது.

பிஎன்ஜியாக எடுத்த பிறகு நிழல் வேறு மாதிரி தெரிகிறது என்றால், நிழலின் நிறத்தைப் பாருங்கள். மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லும் மல்டிப்ளை போன்ற கலவை முறைகள் பிஎன்ஜியில் போகாது. நிழல் சுத்தக் கறுப்பாக இருந்தால் மல்டிப்ளைக்கும் நார்மலுக்கும் வித்தியாசமே இல்லை. பழுப்பு நிழல் போட்டிருந்தால் இருண்ட படத்தின் மேல் புழுதி படிந்தது போல் தெரியும். கிம்ப்பில் நிழல் கத்தரித்தது போல் நேர்கோட்டில் முடிந்தால், லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

தங்கம் கடுகு நிறத்தில் வருகிறது

தங்கம் ஒரு நிறம் என்று நினைத்து ஒரே மஞ்சளைப் பூசினால் கடுகுதான் கிடைக்கும். பளபளப்பு என்பது இருட்டும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் மோதுவது. கிரேடியன்ட்டில், அதாவது ஒரு நிறம் இன்னொன்றாக மாறிச் செல்லும் பூச்சில், அடர்பழுப்பு, காவி, ஏறக்குறைய வெள்ளையான சந்தன நிறம், மறுபடி காவி, மறுபடி பழுப்பு என்று வையுங்கள். அந்த வெளிர்ப்பட்டை குறுகலாகவும் அதன் ஓரங்கள் திடீரென்றும் மாறட்டும். மெதுவாக மாறினால் பித்தளைகூட ஆகாது, வெண்ணெய் ஆகும்.

பட்டை பட்டையாக வரிகள் தெரிந்தால் இமேஜ் மெனுவில் மோட் என்பதைப் பாருங்கள். இண்டெக்ஸ்டு என்று இருந்தால் மொத்தமே 256 நிறங்கள்தான், ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுக் கிரேடியன்ட்டை மறுபடி போடுங்கள். ஆர்ஜிபியிலும் வரி தெரிந்தால் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) தூவுங்கள், கரைந்துவிடும். அச்சில் மட்டும் தங்கம் மங்குகிறது என்றால் வழக்கமான நான்கு மைகளில் உலோகப் பளபளப்பு கிடையாது. திரையில் வைத்ததைவிட இருட்டையும் வெளிச்சத்தையும் இன்னும் தள்ளி வைப்பதுதான் நம்மால் முடிந்தது.

அச்சில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும்

தாளை வெட்டும் இயந்திரம் 1 மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். தாளின் ஓரத்தை ஒட்டி 3 மில்லிமீட்டர் கோடு போட்டிருந்தால் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4. இரண்டு மடங்கு வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும். அதே நகர்வு 15 மில்லிமீட்டர் பட்டையில் 14-ம் 16-ம், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். ஓரத்தில் மெல்லிய கோடு வேண்டாம், அதை உள்ளே தள்ளுங்கள். வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் 3 மில்லிமீட்டர் ஃப்ரேமை நீட்டி விடுங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சலில் அது சுமார் 35 பிக்சல். 4-க்கு 6 அங்குலம் என்றால் 1200-க்கு 1800 பிக்சல், நீட்டலோடு 1270-க்கு 1870.

பிரஷ் எழுதவே மாட்டேன் என்கிறது

எங்கோ கண்ணுக்குத் தெரியாத செலக்‌ஷன் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் டி, கிம்ப்பில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ. அதுவும் இல்லையென்றால் தவறான லேயர், அல்லது லேயருக்குப் பதிலாக அதன் மாஸ்க் (லேயரில் எது தெரியலாம், எது மறையலாம் என்று சொல்லும் சாம்பல் படம்) தேர்வாகியிருக்கிறது. மாஸ்க்கில் எந்த நிறத்தைப் பூசினாலும் சாம்பல்தான்.

திருத்தலாம் என்று திறந்தால் எல்லாம் ஒரே லேயர்

கிம்ப்பில் 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து சேவ் என்றால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் வகை மட்டும்தான், மற்றதெல்லாம் எக்ஸ்போர்ட். எரிச்சலூட்டும் இந்த ஏற்பாடு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அதற்கு முன்பே மாட்டிக்கொண்டவன். ஒரு ஆல்பத்துக்காகச் செய்த ஃப்ரேம்களை எல்லாம் தட்டையான பிஎன்ஜிகளாக மட்டும் வைத்திருந்தேன். ஒரு மூலையில் கொடி தவறான பக்கம் வளைந்திருந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.

அந்த நிலைமையிலும் ஒன்று செய்யலாம். நான்கு மூலைகளில் சுத்தமாக இருக்கும் ஒன்றை, பக்கப்பட்டையில் ஒரே ஒரு முழுப் பூவோடு சேர்த்து, தனி லேயராக வெட்டி எடுங்கள். அதில் நிழலோ பெவலோ உறைந்திருந்தால், பக்கத்து நடுத்தர நிறத்தை எடுத்து, ஒளிபுகுதலைப் பூட்டிவிட்டுப் பூசித் தட்டையாக்குங்கள். பிறகு அந்த மூலையைக் கிடைவாக்கில் புரட்டி ஒன்று, நெடுவாக்கில் புரட்டி ஒன்று, இரண்டு வாக்கிலும் புரட்டி ஒன்று. பூவை வகுத்தல் கணக்கின்படி அடுக்கி எல்லாவற்றையும் இணையுங்கள், கடைசியில் பெவல். என் ஆல்பத்தின் ஃப்ரேம்களை அப்படித்தான் திரும்பக் கட்டினேன், ஒன்றுக்கு அரை மணி நேரம் பிடித்தது. இந்தமுறை எக்ஸ்சிஎஃப்பையும் சேர்த்து வைத்தேன்.